பாரிஸ்டர் தேர்தலில் நின்ற கதை

ஸ்காபரோவில் சட்டத்தரணியாக இருந்துகொண்டு, ஆயுளில் ஒரு வீட்டு உறுதிப் பத்திரத்துக்குக்கூடக் கையெழுத்து வைக்காமல் வாழ்ந்து காட்டிய தமிழர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரை நாங்கள் எல்லோரும் பாரிஸ்டர் என்று கூப்பிட்டோம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதை அவருடைய மனைவி கோபம் வந்தால் மட்டும் பாவிப்பார்.

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே தமிழ்ச் சட்டத்தரணிகளுக்குச் சோறு போடுவது கொலையோ கொள்ளையோ அல்ல, வீடு. எங்கள் ஆட்கள் வீடு வாங்குவார்கள், விற்பார்கள், திரும்பவும் வாங்குவார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு சட்டத்தரணி அந்தப் பத்திரங்களைப் பார்க்கவேண்டும். அந்தப் பத்திரங்களைப் பார்த்தே மாளிகை கட்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள். பாரிஸ்டரிடம் அப்படி யாராவது வந்தால், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அடுத்த பிளாசாவில ஒராள் இருக்கிறார். அவர் நல்லாச் செய்வார்" என்பார்.

காரணம் லண்டன். அவர் சட்டம் படித்தது அங்கேதான். அங்கே வழக்குப் பேசுகிறவர் வேறு, மேசையில் இருந்து பத்திரம் எழுதுகிறவர் வேறு. முதலாமவர் பாரிஸ்டர், மற்றவர் சொலிசிட்டர். கனடாவில் அந்தப் பிரிவினை இல்லை. எல்லாச் சட்டத்தரணியும் இரண்டும்தான். எங்கள் அலுவலகப் பலகையிலும் 'பாரிஸ்டர் அன்ட் சொலிசிட்டர்' என்று ஆங்கிலத்தில் அடித்துத்தான் வந்தது. பலகை வந்த அன்றே அவர் ஏணி வைத்து ஏறி, பின்பாதியைக் கறுப்பு ரேப்பால் ஒட்டி மூடினார். குளிருக்கு ரேப் கழன்று விழும். அவர் திரும்ப ஏறுவார். கீழே மரக்கறிக் கடை வைத்திருந்தவர் அந்த ஏணியைத் தன் கடைக்குள் எடுத்து வைப்பதையே விட்டுவிட்டார்.

நான் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தது கனடா வந்து சில மாதங்களில். நேர்முகத்துக்குப் போனபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பிள்ளை, உமக்கு வாதாடத் தெரியுமோ?"

"தெரியாது சேர்."

"நல்லது. இங்க அதுக்கு நான் ஒராள் காணும். நாளைக்கு வாரும்."

என் மேசைக்குப் பின்னால் இருந்த அலுமாரியில் ஒரு நீல நிறத் தகர பிஸ்கட் ரின் இருந்தது. எங்கள் வீடுகளில் அந்த மாதிரி ரின்னைத் திறந்தால் ஊசியும் நூலும் இருக்கும். ஒருநாள் பார்க்கிங் ரிக்கெற் அபராத விஷயமாக வந்த ஓர் அன்ரி, காத்திருந்த அலுப்பில், பிஸ்கட் இருக்கும் என்று நம்பி அதைத் திறந்தார். அலறிய அலறலில் கீழே மரக்கறிக் கடையில் இருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"ஐயோ! செத்த பூனை! பிஸ்கட் ரின்னுக்க செத்த பூனை!"

பாரிஸ்டர் உள் அறையில் இருந்து நிதானமாக வெளியே வந்தார்.

"பூனையில்லை அம்மா. குதிரை."

உண்மையில் அது அவருடைய லண்டன் விக். குதிரை மயிரில் செய்தது. கனடாவின் கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், விக் கிடையாது. ஆனாலும் முக்கியமான வழக்கு நாட்களில் அதை எடுத்து ஒரு தட்டுத் தட்டி, தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பவும் ரின்னுக்குள் வைப்பார். அந்த அன்ரியின் பார்க்கிங் ரிக்கெற்றுக்காக அவர் பேசிய பேச்சை நான் கேட்டேன். கொலைக் குற்றவாளியைத் தூக்குமரத்தில் இருந்து இறக்குகிற மாதிரிப் பேசினார். அன்ரி கடைசியில் தன் நிலைமையை நினைத்துத் தானே அழுதுவிட்டார்.

கொரோனாவோடு விசாரணைகள் எல்லாம் கணினித் திரைக்குள் வந்தன. மற்றச் சட்டத்தரணிகளுக்கு அது வசதி. பாரிஸ்டருக்கு அது தலையிடி. முதல் விசாரணையை அவர் வீட்டில் இருந்தே செய்தார். நான் என் வீட்டில் இருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்கு மேலே கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டி. விசாரிப்பவர் இவருடைய பெயரைக் கூப்பிட்டதும், லண்டன் பழக்கத்தில் சடாரென்று எழும்பி நின்றார். திரையில் அவருடைய தலை மறைந்தது. அதற்குப் பதிலாக இடுப்பில் கட்டியிருந்த பச்சைக் கட்டம் போட்ட சாரம் ஒன்று தெரிந்தது. அந்தச் சாரம் இரண்டு நிமிடம் சட்டம் பேசியது.

விசாரிப்பவர் மிகவும் மரியாதையாக, "தயவுசெய்து நீங்கள் அமர்ந்துகொள்ளலாம்" என்றார்.

"மன்னிக்கவேணும். ஒரு பாரிஸ்டர் நீதிமன்றத்துக்கு முன்னால் கதிரையில் இருந்துகொண்டு பேச முடியாது" என்று சாரம் ஆங்கிலத்தில் பதில் சொன்னது.

அதற்குப் பிறகு எல்லா விசாரணையையும் அலுவலகத்தில் இருந்து செய்வதென்று முடிவானது. கோப்பு அலுமாரிக்கு மேலே இரண்டு கடதாசிப் பெட்டி, அதற்கு மேலே லாப்டொப். அவர் அதற்கு முன்னால் நிற்பார். காற்சட்டை போடவேண்டும் என்ற நிபந்தனையை விதித்தது அவருடைய மனைவி. அவர் எங்களுக்கெல்லாம் அன்ரி. மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும்போது அலுவலகக் கதவில் நின்று முதலில் கீழே பார்ப்பார், பிறகுதான் உள்ளே வருவார்.

பாரிஸ்டருக்கு ஒரு குரு இருந்தார். வெள்ளைக்காரர், அதுவும் நூறு வருடத்துக்கு முந்தியவர். லண்டனில் படித்த காலத்தில், தெருவோரப் பழைய புத்தகக் கடையில் ஒரு சுயசரிதையை வாங்கியிருக்கிறார். அட்டையும் முதல் பக்கங்களும் இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை. நடுவில் இருந்தது முழுக்க 'நான்', 'நான்' என்றே போவதால், அந்த மனிதருடைய பெயர் என்னவென்று பாரிஸ்டருக்கு இன்றுவரை தெரியாது. இன்ரநெற்றில் தேடிப் பார்ப்போமா என்று கேட்டேன்.

"தேடிக் கண்டுபிடிக்க அவர் என்ன, காணாமல் போன பூனையோ?" என்றார்.

பெயர் தெரியாத அந்த மனிதரின் வாழ்க்கை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பாடம். தகரக் கடைக்காரரின் மகன். பகலில் கடையில் நின்று, மிச்ச நேரத்தில் படித்து பாரிஸ்டர் ஆனவர். முதல் வழக்கில் குரல் வராமல் நின்றவர். பிறகு அதே குரலால் ஊரைக் கட்டி இழுத்துப் பாராளுமன்றம் போனவர். போனபிறகும் வழக்குப் பேசுவதை விடவில்லை. ஒருமுறை அவருக்கு வாக்களித்த ஊர் முழுவதும் வெறுத்த ஒரு மனிதனுக்காக நீதிமன்றத்தில் எழும்பி நின்றார். வழக்கில் வென்றார், அடுத்த தேர்தலில் தோற்றார். புத்தகம் அந்த இடத்தோடு கிழிந்துவிட்டது.

"அதுக்குப் பிறகு என்ன செய்தார் சேர்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"தெரியேல்லை. ஆனா அடுத்த நாள் கோட்டுக்குத்தான் போயிருப்பார். வேற எங்க போறது?"

இப்படிப்பட்ட குரு இருக்கும்போது அரசியல் ஆசை வராமல் இருக்குமா? நகரசபைத் தேர்தல் வந்தது. பாரிஸ்டர் எங்கள் வட்டாரத்தில் கவுன்சிலர் பதவிக்கு நிற்கப்போவதாக, மத்தியானம் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அறிவித்தார். அன்ரி கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு ஆர் வோட்டுப் போடுவினம்?"

"நீர் போடுவீர்தானே?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் அன்ரி.

தேர்தலை நடத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கனகு அண்ணை. ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு எத்தனையோ வருடமாகத் தலைவர். கோயில் திருவிழாவில் மைக் அவருடைய கையில்தான் இருக்கும். அவருக்கு ஸ்காபரோவில் சொந்தமாக வீடுகள் இருந்தன. அவற்றின் நிலத்தடி பேஸ்மென்றுகளில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள். "சேர், நீங்கள் கதையுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். சொன்னபடி செய்தார். பாரிஸ்டரின் முகம் போட்ட பலகைகள் ஒரே வார இறுதியில் எங்கள் வட்டாரப் புல்வெளிகளில் முளைத்தன. என் வீட்டுக்குப் போகிற பாதையில் ஒவ்வொரு வளைவிலும் என் முதலாளி என்னை முறைத்துக்கொண்டு நின்றார்.

வாக்குக் கேட்கப் போவதுதான் பிரச்சினை. ஒருமுறை அவர்களோடு நானும் ஓர் அப்பார்ட்மென்றுக்குப் போனேன். முதல் கதவைத் திறந்தவர் நல்ல மனிதர். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "நீங்கள் வரவே தேவையில்லை. உங்களுக்குத்தான் என்ர வோட்டு" என்றார்.

அந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு நகரவேண்டும். பாரிஸ்டர் நகரவில்லை.

"ஏன்?"

"என்ன ஏன்?"

"ஏன் எனக்குப் போடப்போறியள்?"

"நீங்கள் எங்கட ஆள்தானே."

"அது காரணமில்லை. வேற காரணம் சொல்லுங்கோ."

அவர் யோசித்தார். கனகு அண்ணை பின்னால் இருந்து பாரிஸ்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தார். வேறு காரணம் எதுவும் அந்த மனிதருக்கு வரவில்லை. பாவம், கதவைச் சாத்திவிட்டார்.

இன்னொரு வீட்டில் வீட்டு வரியைக் குறைப்பீர்களா என்று கேட்டார்கள். குறைக்க முடியாது என்றார். ஏன் முடியாது என்று விளக்கினார். பிறகு, குறைக்கலாம் என்று சொல்பவர்களுடைய வாதத்தையும் அவர்களை விடத் திறமாக எடுத்துச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் கடைசியில், "அப்ப நான் உந்த மற்ற ஆளுக்கே போடுறன்" என்றார். "தாராளமாய். நல்லா யோசிச்சிருக்கிறியள்" என்று பாரிஸ்டர் கை கொடுத்தார்.

லிஃப்டில் இறங்கும்போது கனகு அண்ணை கெஞ்சினார். "சேர், எல்லாத்துக்கும் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோவன்."

"ஓம்" என்றார் பாரிஸ்டர்.

எல்லாம் இப்படியே போயிருந்தால் ஒரு மாதிரி சமாளித்திருப்பார்கள். கனகு அண்ணையின் கெட்டித்தனத்தில் பாதி வட்டாரம் எங்கள் பக்கம்தான் நின்றது. அந்த நேரத்தில்தான் சாந்தி வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, நான் அலுவலகத்தைத் திறக்கும்போதே கதவடியில் நின்றாள். என் வயதுதான் இருக்கும். இரண்டு பிள்ளைகள், புருசன் இல்லை. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் வேலை. ஸ்காபரோவில் இருந்து பஸ் மாறி மாறிப் போய்வருகிறாள். குடியிருப்பது ஒரு பேஸ்மென்றில். வீட்டுக்காரர் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். தன் மகன் அந்த பேஸ்மென்றில் வந்து குடியிருக்கப்போகிறானாம். வீட்டுக்காரரின் குடும்பத்துக்கே வீடு தேவையென்றால் குடியிருப்பவரை எழுப்பச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் தேவை உண்மையாக இருக்கவேண்டும்.

"மகன் வரமாட்டார் அக்கா" என்று என்னிடம் சொன்னாள். "வேற ஆக்களுக்கு வாடகையைக் கூட்டிக் குடுக்கப்போறார். இப்ப இருக்கிற வாடகையில எனக்கு வேற இடம் கிடைக்காது. பிள்ளையளின்ர பள்ளிக்கூடமும் பக்கத்தில."

வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன். கனகு அண்ணை என்றாள். நான் பேனையைக் கீழே வைத்தேன்.

பாரிஸ்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். அரை மணித்தியாலம் கேட்டார். வழக்கை எடுத்துக்கொண்டார். நான் தேநீர் கொண்டுபோன சாட்டில் மெல்லச் சொன்னேன், "சேர், தேர்தல்." அவர் காது கேட்காதவர் மாதிரி இருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பின்னேரம் கனகு அண்ணை ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தோடு வந்தார். அவற்றை என் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது.

"சேர், ஒரு சின்ன அலுவல். என்ர பேஸ்மென்றில இருக்கிற பிள்ளையை எழுப்பவேணும். நீங்கள்தான் பேசவேணும்."

"பிந்திட்டியள் கனகு."

"ஏன்?"

"அந்தப் பிள்ளை காலமையே வந்திட்டுது. நான் அவவுக்குப் பேசுறன்."

கனகு அண்ணை சிரித்தார். அது பகிடி என்று நினைத்தார். பாரிஸ்டரின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப நான் ஆர்?"

"நீங்கள் எதிர்த்தரப்பு. இனி வழக்கைப் பற்றி என்னோட ஒண்டும் கதைக்கக்கூடாது. தேர்தலைப் பற்றிக் கதைக்கலாம். இருங்கோ."

கனகு அண்ணை இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்சி ராசன் அங்கே இருந்தார். விமான நிலைய டாக்சி ஓட்டுகிறவர். ஓட்டம் இல்லாத நேரங்களில் எங்கள் அலுவலகத்தில் வந்து தேநீர் குடிப்பார், ஆட்களை ஏற்றி இறக்கியும் உதவுவார். பாரிஸ்டர் அவரைச் சாட்சிக்கு இழுத்தார்.

"லண்டனில எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு கனகு. பாரிஸ்டர் எண்டவன் டாக்சி மாதிரி. வரிசையில முன்னுக்கு நிக்கிற வண்டி, முதல் வாற ஆளை ஏத்தவேணும். ஆள் பிடிக்கேல்லை, போற இடம் பிடிக்கேல்லை எண்டு சொல்ல ஏலாது. என்ன ராசன்?"

ராசன் கோப்பையைக் கீழே வைத்தார். "சேர், நாங்களே அப்பிடி ஏத்திறேல்லை."

கனகு அண்ணை கொண்டுவந்த துண்டுப்பிரசுரக் கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். படியில் அவர் சொன்னதை இங்கே எழுதமுடியாது.

மறுநாள் இந்தக் கதை சாந்தியின் காதுக்குப் போயிருக்கிறது. வந்தாள். பாரிஸ்டருக்கு முன்னால் நின்று நேராகக் கேட்டாள்.

"அப்ப அவர் முதல் வந்திருந்தா எனக்கு எதிராப் பேசியிருப்பியளோ சேர்?"

"ஓம் பிள்ளை. உம்மை எழுப்ப என்னால ஏலுமானது எல்லாம் செய்திருப்பன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வழக்குக்கு முன்னால் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று பாரிஸ்டர் சாந்தியின் பேஸ்மென்றுக்குப் போனார். திரும்பி வரும்போது நெற்றியில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு வீக்கம். அங்கே தலைக்கு மேலே முகட்டில், வீட்டைச் சூடாக்குகிற காற்று ஓடும் தகரக் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. அதில் போய் முட்டியிருக்கிறார். அன்ரி ஐஸ் வைக்க வந்தார். பாரிஸ்டர் கிட்ட வர விடவில்லை.

"வீக்கத்தை வத்தவிடாதையும். விசாரணை வரைக்கும் இருக்கட்டும்."

விசாரணை தேர்தலுக்குக் கொஞ்ச நாட்களுக்கு முன்னால் வந்தது. லாப்டொப் பெட்டிகளுக்கு மேலே ஏறியது. பாரிஸ்டர் எழும்பி நின்றார், காற்சட்டையோடு. சாந்தி என் மேசையில் இருந்தாள். விரல்களைப் பின்னிப் பின்னி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கட்டத்தில் விசாரிக்கிற வெள்ளைக்காரப் பெண்மணி, இன்னொன்றில் கனகு அண்ணை, பக்கத்தில் அவர் பிடித்த சட்டத்தரணி. மற்றொன்றில் மொழிபெயர்க்கிற பெண்.

விசாரிப்பவர் முதலில் கேட்டது வழக்கைப் பற்றி அல்ல.

"உங்களுடைய நெற்றியில் காயமா?"

"அது சாட்சியத்தில் இல்லை அம்மா" என்றார் பாரிஸ்டர் பணிவாக. ஆனால் தலையைக் கமெராவுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனார்.

கனகு அண்ணையின் முறை வந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்தான். ஆனால் பாதுகாப்புக்காக மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தார். மகன் பேஸ்மென்றுக்கு வருவது நிச்சயம் என்றார். தனியாக இருக்கப் பழகவேண்டுமாம். பாரிஸ்டர் ஆங்கிலத்தில் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"உங்கள் மகன் என்ன விளையாடுகிறார்?"

கூடைப்பந்து என்றார் கனகு அண்ணை.

"அவருடைய உயரம் எவ்வளவு?"

கனகு அண்ணைக்கு அந்த இடத்தில் எரிச்சல் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளரை மறந்து, பாரிஸ்டரிடம் நேரே தமிழில் பாய்ந்தார்.

"ஏன், உங்களுக்குத் தெரியாதோ? நீங்கள்தானே அவன்ர பேர்த்டே பார்ட்டிக்கு வந்து, இடியப்பத்தையும் சாப்பிட்டிட்டு, 'தம்பி, எப்பன் குனியும், மூஞ்சையைப் பாக்கவேணும்' எண்டனீங்கள்!"

மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். இடியப்பம் உட்பட எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். விசாரிப்பவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஆறடி நாலு அங்குலம் என்று சொன்னால் சரியா?"

"சரி."

"அந்த பேஸ்மென்றில் குழாய் போகிற இடத்தில் முகட்டின் உயரம்?"

சாந்தி எடுத்திருந்த படங்களைப் பாரிஸ்டர் காட்டினார். அளவு நாடா ஆறடியைக்கூடத் தொடவில்லை.

"அப்படியென்றால் உங்கள் மகன் அங்கே எப்படி நடமாடுவார்?"

கனகு அண்ணை தன் சட்டத்தரணியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"குனிஞ்சு திரிவான்."

அது ஆங்கிலத்திலும் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு வழக்கில் பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. மகனுக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்திருப்பதும் அடுத்த கேள்விகளில் வெளியே வந்தது. சாந்தி அங்கேயே இருக்கலாம் என்று தீர்ப்பானது. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பாரிஸ்டர் திரையைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார். லாப்டொப்பை மூடினார். பிறகு கதிரையில் அமர்ந்து, நெற்றியைத் தடவி, "இனி ஐஸ் கொண்டுவாரும்" என்றார்.

அன்று பின்னேரம் ராசன் என்னை வீட்டில் இறக்கிவிட்டார். வழியில், தன்பாட்டில் சிரித்துக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்டேன்.

"பிள்ளை, அண்டைக்குச் சேர் டாக்சிச் சட்டம் கதைச்சாரல்லோ?"

"ஓம்."

"அதுக்கு முதல் நாள் ஞாயிறு, தேர்தல் கூட்டத்தில கனகு, 'சேர், எனக்கும் ஒரு கோட்டு அலுவல் இருக்கு, பேஸ்மென்ற்' எண்டு தொடங்கினவர். சேர் வாயில கை வைச்சு, 'இங்க வேண்டாம், நாளைக்கு ஒபிசுக்கு வாங்கோ' எண்டு நிப்பாட்டிப் போட்டார். கனகு அங்கால போனதும் எனக்குப் போன். 'ராசன், கனகின்ர பேஸ்மென்றில ஒரு பிள்ளை இருக்கு. அதுக்கு ஏதும் கரைச்சல் எண்டால் நாளைக்கு விடிய வந்து என்னைச் சந்திக்கச் சொல்லும். பஸ்ஸுக்கு நிக்கவிடாதையும். நீரே ஏத்திக்கொண்டு வாரும்.'"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். ராசன் ஸ்டியரிங்கில் தட்டினார்.

"வரிசையில ஆளைக் கொண்டுவந்து நிப்பாட்டினது நான்."

இதைப் பாரிஸ்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது சாட்சியத்தில் இல்லை என்றிருப்பார்.

வழக்கின் விளைவு புல்வெளிகளில் தெரிந்தது. முளைத்த வேகத்திலேயே பலகைகள் மறைந்தன. கனகு அண்ணை ஒரு வானில் போய் எல்லாவற்றையும் பிடுங்கினார். அவற்றில் சிலவற்றைத் தன் கராஜ் ஜன்னலுக்குக் குளிர் வராமல் அடித்ததாகக் கேள்வி. பழைய மாணவர் சங்கம் அவசரமாகக் கூடி, இந்தத் தேர்தலில் நடுநிலை என்று முடிவெடுத்தது. கோயிலில் சிலர் பாரிஸ்டரைக் கண்டு தூணுக்குப் பின்னால் போனார்கள். தமிழன் தமிழனுக்கு எதிராகப் பேசலாமா என்று வானொலியில் ஒருவர் கேட்டார். சாந்தி என்ன, நோர்வேக்காரியா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பாரிஸ்டர் தன்பாட்டில் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். கனகு அண்ணைக்குப் பதிலாக அன்ரி கூடப் போனார். அன்ரி வாக்காளர்களிடம் எதுவும் கேட்கமாட்டார். "உவர் கதைச்சு முடியுமட்டும் நான் உங்கட சோபாவில இருக்கலாமோ?" என்று மட்டும் கேட்பார். அவர் போன வீடுகளில் எங்களுக்கு நல்ல வாக்கு விழுந்ததாகச் சொல்கிறார்கள்.

தோற்றார். வென்றவருக்கும் அவருக்கும் இடையில் ஒரு பெரிய கூட்டமே நின்றது. முடிவு வந்ததும் கீழே மரக்கறிக் கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நாங்கள் கூடினோம். அன்ரி, ராசன், சாந்தி, அவளுடைய பிள்ளைகள், நான், மரக்கறிக் கடைக்காரர். பாரிஸ்டர் எழும்பி நின்று, ஆயிரம் பேருக்குப் பேசுகிற மாதிரித் தோல்வி உரை ஆற்றினார். வென்றவரைப் பாராட்டினார். அவர் ஏன் சிறந்த தெரிவு என்பதற்கு மூன்று காரணம் சொன்னார். சொல்லச் சொல்ல எங்களுக்கே அவரில் பிடிப்பு வந்துவிட்டது.

சாந்திக்குத்தான் கண் கலங்கியது. "என்னாலதானே சேர்" என்றாள்.

"உம்மாலயோ? என்ர வாயால பிள்ளை. அன்ரியைக் கேளும்."

"ஓம்" என்றார் அன்ரி, கொத்துரொட்டியைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டபடி. ஆனால் அவர் பாரிஸ்டரின் தட்டில்தான் முதலில் வைத்தார்.

அடுத்த நாள் காலை நான் வரும்போது பாரிஸ்டர் ஏற்கெனவே கோட்டுக்குப் போயிருந்தார். திரும்பவும் நேரில் நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பார்க்கிங் ரிக்கெற் வழக்கு.

பனிக்காலம் முடிகிற நேரம் கனகு அண்ணை படியேறி வந்தார். பக்கத்தில், வாசலில் குனிந்து நுழைந்த அவருடைய மகன். வேகமாகக் கார் ஓட்டிப் பிடிபட்டிருந்தான். லைசன்ஸ் போகிற கட்டம். கனகு அண்ணை என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"தங்கச்சி, பொலிஸ்காரன் முதல் வந்திட்டுப் போனவனோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப நாங்கள்தான் முதல்."

உள்ளே இருந்து பாரிஸ்டரின் குரல் வந்தது. "வாங்கோ கனகு. இருங்கோ. தம்பி, நீர் எப்பன் குனியும்."

அந்த வழக்கையும் வென்றார். லைசன்ஸ் தப்பியது. சாந்தி இன்னமும் அதே பேஸ்மென்றில்தான் இருக்கிறாள். கனகு அண்ணை அந்தக் குழாயைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

பாரிஸ்டர் இப்போது வேலையில் இருந்து ஒதுங்கி, மிசிசாகாவில் மகளோடு இருக்கிறார். அவர்களுடைய கொண்டோமினிய அடுக்குமாடியின் நிர்வாகக் குழு, அவர் கூட்டத்துக்கு வருகிற நாட்களில் வேறு நிகழ்ச்சி எதுவும் வைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். நான் மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்ப்பேன். அன்ரி வழமை போலக் கதவில் நின்று வரவேற்பார்.

அவர் நின்ற தேர்தலில் எனக்கு வாக்கு இருக்கவில்லை. குடியுரிமை பிறகுதான் கிடைத்தது. முதல்முறையாக வாக்குச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய் நின்றபோது, எனக்கு யாருக்குப் போடுவதென்று ஏற்கெனவே தெரியும். என்றாலும் மேலிருந்து கீழே எல்லாப் பெயர்களையும் ஒருமுறை வாசித்தேன். அவருடைய பெயர் அதில் இருக்காது என்று தெரியும். தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.